வால் இல்லாத சிறகுகள்: குர்துபாவிலிருந்து பல்லாவரம் வரை

பறத்தலின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் நம்மவர் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பெயர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் வானில் மிதந்தார் என்று பெருமிதத்துடன் கூறுகிறோம். கூறிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். அவர் எவ்வாறு தரையிறங்கினார் என்று கேட்பவர் குறைவு. ஆனால் நமக்குரிய பாடம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதே பாடத்தின் இன்னொரு பக்கம் நம் சென்னையில், கிண்டியைக் கடந்து பல்லாவரம் செல்லும் நெடுஞ்சாலையில் கிடைக்கிறது.

இப்னு பிர்னாஸ் அந்தலூஸின் ரோந்தா பகுதியில் பிறந்து, குர்துபாவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 274இல், அதாவது கி.பி. 887இல் மறைந்தவர். கவிஞர், நீர்க்கடிகாரம் அமைத்தவர், கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டவர் என்றும் போற்றப்படுபவர். இறகுகளால் உடலைப் போர்த்தி, இரு சிறகுகளைப் பொருத்திக்கொண்டு அவர் உயரத்திலிருந்து பாய்ந்து, கணிசமான தொலைவு காற்றில் சென்றார் என்று 17ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதுகிறார். இறங்கும்போது அவருடைய முதுகில் பலத்த அடிபட்டது. பறவைகள் தரையிறங்க வாலைத் துணைகொள்கின்றன என்பதை அவர் கவனிக்கவில்லை. தமக்கு வால் அமைக்க மறந்துவிட்டார் என்பதே அந்நூல் கூறும் காரணம்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்ம்ஸ்பரி மடத்தைச் சேர்ந்த எய்ல்மர் என்னும் துறவி கைகளிலும் கால்களிலும் சிறகுகளைக் கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தார். இருநூறு மீட்டர் அளவு பறந்தபின் விழுந்து இரு கால்களையும் முறித்துக்கொண்டார். வால் வைக்காததுதான் தம் பிழை என்று பிற்பாடு அவரே கூறியதாக அதே மடத்தின் வரலாற்றாசிரியர் வில்லியம் பதிவு செய்துள்ளார். இருவருக்கும் இடையே நூறாண்டுகளுக்கு மேற்பட்ட கால இடைவெளி, பிழையோ ஒன்றே. குர்துபாவில் ஒருவர் முதுகொடிந்து கற்றதை மால்ம்ஸ்பரியில் மற்றொருவர் கால் முறிந்து மீண்டும் கற்றார்.

ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆராயும் இஸ்னாத் முறையை உலகுக்குத் தந்த சமுதாயம் நாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நமக்குப் பணிக்கிறது. எனினும் இப்னு பிர்னாஸின் சிறகுக்கு அத்தகைய சங்கிலி அமையவில்லை. வாலுடன் இரண்டாவது சிறகைச் செய்து பார்த்த மாணவர் ஒருவரைப் பற்றி வரலாறு பேசவில்லை. அவருடைய புகழ் நம்மை வந்தடைந்தது. அவருடைய அளவுகள் வந்தடையவில்லை.

ரைட் சகோதரர்கள் வென்ற காரணமும் இங்கேதான் விளங்கும். ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை மிதவைச் சிறகுகளில் பறந்து, 1896இல் விழுந்து இறந்தவர். ஆனால் அவர் தம் கணக்குகளை 1889இலேயே நூலாக வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் அந்த அட்டவணைகளைப் படித்தனர். தம் சோதனைகளோடு அவை பொருந்தாதபோது 1901இல் ஒரு காற்றுச் சுரங்கப் பெட்டியைச் செய்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களை அளந்து குறித்துக்கொண்டனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய முதல் பறத்தல் 12 வினாடிகளே நீடித்தது. அந்த 12 வினாடிகளுக்குப் பின்னால் மற்றவர்கள் எழுதி வைத்த தோல்விகளும் இருந்தன.

இனி நம் ஊர். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அடுத்த ஆண்டே சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர், தாமே வடிவமைத்த விமானம் ஒன்றைச் சிம்ப்சன் நிறுவனத்தாரின் பட்டறையில் கட்டுவித்தார். குதிரை வண்டிகளைச் செய்து பெயர் பெற்ற பட்டறை அது. மரமும் துணியும் இரும்பும் அறிந்த கைகள் அங்கே இருந்தன. பல்லாவரத்தில் அவ்விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வசூலித்துப் பொதுமக்கள் முன்னிலையில் அவர் அதைப் பறக்கவிட்டார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அலகாபாத்தில் புறப்பட்டது 1911 பிப்ரவரி 18 அன்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், சென்னை எவ்வளவு முந்தி நின்றது என்பது புரியும்.

ஆயினும் அந்தத் தொடக்கம் தொடரவில்லை. விடுதிக்காரரின் ஆர்வத்திலிருந்து சென்னையில் ஒரு விமானத் தொழில் முளைக்கவில்லை. இந்தியாவின் முதல் விமானத் தொழிற்சாலை முப்பது ஆண்டுகள் கழித்து, 1940இல், பெங்களூரில்தான் எழுந்தது. இங்கும் சிறகு இருந்தது. பின்தொடரும் வால்தான் இல்லை.

மவுண்ட் ரோடு சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து கிண்டியை அடைகிறது; அங்கிருந்து பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை எனச் சாலை நீள்கிறது. அந்தக் குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் என்னும் தொழிலதிபர் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். இன்று அது கிண்டியில் தலைமையிடம் கொண்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். பறத்தலைப் பாடமாக வகுத்து, ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் ஏற்பாடு அவ்வாறு அச்சாலையில் அமைந்தது.

இராமேசுவரத்திலிருந்து ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1954இல் அங்கு வந்து சேர்ந்தார். தந்தை ஜைனுலாப்தீன் மரப்படகு கட்டியதை அருகிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். சேர்க்கைக் கட்டணத்துக்காகச் சகோதரி சுஹரா தம் தங்க நகைகளை அடகு வைத்தார். கல்லூரியில் காட்சிக்கு நின்ற இரு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் சென்ற பின்னும் நெடுநேரம் அமர்ந்திருந்ததாக அவர் நினைவுகூர்ந்துள்ளார். இறுதியாண்டில் தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருடைய குழுவுக்குத் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை நண்பர்கள் பகிர்ந்துகொண்டனர். வேலை மந்தமாக இருக்கக் கண்ட பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்றே நாள் தவணை கொடுத்து முடிக்கச் செய்தார். பிழையைச் சுட்ட ஓர் ஆசிரியரும் சுமையைப் பகிர்ந்த நண்பர்களும் கலாமுக்கு வாய்த்தார்கள். இப்னு பிர்னாஸுக்குக் கிடைக்காத வால் இதுதான்.

இன்றும் தம் கையால் சிறு விமானம் கட்டுவோர் உண்டு. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2017இல் அரசுப் பதிவு பெற்றது. அமெரிக்காவில் 1953இல் தொடங்கப்பட்ட சோதனை விமானச் சங்கத்தில், ஒருவர் கட்டியதை அனுபவமுள்ள இன்னொருவர் வந்து பார்த்துக் குறை சொல்வது வழக்கம். கட்டி முடிப்பதோடு கடமையும் முடிவதில்லை. பெட்ரோலைவிட நீர் கனமானது. தொட்டியில் நீர் சேர்ந்திருந்தால் அடியில் தங்கும். ஆதலால் பறக்கும் முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை வடித்துப் பார்க்கவேண்டும். திருகுகள் தளராதபடி கட்டிய கம்பி அறுந்துள்ளதா, வாலை அசைக்கும் கம்பிவடத்தில் இழை பிரிந்துள்ளதா, உப்புக்காற்றில் உலோகம் அரித்துள்ளதா என்று கையால் தடவிப் பார்க்கவேண்டும். பார்த்ததைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதவேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் தவக்குல், விமானக் கொட்டகையில் இந்த வடிவம் கொள்கிறது. அருகிருக்கையில் அமர்பவரின் உயிர் அமானிதம் அல்லவா?

முதலில் பறந்தவர் நம்மவர் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அப்பெருமையை நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது, மறந்துபோன வாலையும் சேர்த்தே சொல்வோம். அவர்கள் செய்து பார்ப்பதை எழுதி வைக்கவும், தவறியதை மறைக்காமல் ஆசிரியரிடம் காட்டவும், கற்றதை அடுத்தவர் கையில் ஒப்படைக்கவும் பழக்குவோம். குர்துபாவில் அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணி கிண்டிச் சாலையில் மீண்டும் கோக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கண்ணியைக் கோக்கும் பேற்றினை நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் அருள்வானாக.