அடுப்பேறாத சவுக்காரம்

எண்ணெயையும் காரநீரையும் அடுப்பில் ஏற்றாமலே கலந்து, மரச்சட்டத்தில் ஊற்றி, அவை தமக்குள் தாமே எழுப்பிக்கொள்ளும் உஷ்ணத்தினால் சவுக்காரமாக இறுகும்படி விட்டுவிடுகிற முறையை இன்று வீடுகளில் கையாளுகிறவர்களில் பலர், அதனைத் தொன்றுதொட்டு வழிவழியாக வந்த புராதனக் கைத்தொழில் என்றே எண்ணியிருக்கிறார்கள். சரித்திரம் சொல்லுவது வேறு. பழங்காலத்துச் சவுக்காரங்களில் பேர்பெற்றவையெல்லாம் கொப்பரையில் கொதித்துப் பிறந்தவை. கொதிக்காத சவுக்காரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசாயன சாஸ்திரத்தின் குழந்தை, அதை ஊட்டி வளர்த்ததோ மலையாளக் கரையும் இலங்கையும் அளித்த தேங்காயெண்ணெய். இவ்வாறு சொல்லுவதனால் அதன் பெருமை குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை. நம் கடற்கரையின் விளைபொருள் ஒன்று உலகத்துத் தொழில்முறையையே மாற்றிய வரலாறு, பொய்யான பழமையைக் காட்டிலும் மதிப்புடையது.

சிரியாவின் அலெப்போவிலும், பாலஸ்தீனத்தின் நாப்ளுஸிலும், பிரான்ஸின் மார்சேயிலும் ஆலிவ் எண்ணெயைப் பெருங்கொப்பரைகளில் இட்டு, உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலோடு சுண்ணாம்பு சேர்த்து வடித்த காரநீரைத் தவணை தவணையாக வார்த்து, நாட்கணக்கில் கொதிக்க வைத்தார்கள். இந்தப் பிரயாசைக்கு வலுவான காரணம் இருந்தது. சாம்பல் நீர் பலவீனமானது. அதன் வீரியமோ செடிக்குச் செடி, சுடுகிறவனுடைய கைக்குக் கை வேறுபடுவது. ஆகவே எத்தனை எண்ணெய்க்கு எத்தனை காரம் என்பதை முன்கூட்டி ஒருவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. வேண்டியதற்கு மேலாகவே காரத்தை வார்த்துக் கொதிக்கவிட்டு, பின்பு உப்பிட்டுத் திரித்தால், சவுக்காரம் மேலே மிதந்து வர, மிகுதியான காரமும் அழுக்கும் அடியில் தங்கிவிடும். கணக்குத் தெரியாத குறையை மார்சே நகரத்தார் இவ்விதம் கொதிப்பினாலும் உப்பினாலும் ஈடுசெய்தார்கள். பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில், 1688-இல் பிறந்த அரசாணை ஒன்று ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கலாகாது என்று விதித்ததோடு, கோடையின் கடும் வெப்பம் சரக்கைக் கெடுக்கும் என்பதனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கொப்பரைகள் ஓய்ந்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இங்கிலாந்திலோ 1712 முதல் சவுக்காரத்தின் மீது வரி இருந்தது. வரி ஏய்க்கப்படாதிருக்க, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இரவு நேரங்களில் கொப்பரை மூடிகளைப் பூட்டி வைத்தார்கள். 1853-இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோதுதான் அவ்வரி ஒழிந்தது. வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீட்டுப் பெண்கள் விறகுச் சாம்பலையும் மாட்டுக் கொழுப்பையும் கொண்டு தங்கள் தேவைக்குச் சவுக்காரம் காய்ச்சியது உண்மையே. ஆனால் அதுவும் காய்ச்சியதுதான், கிடைத்ததும் களிபோன்ற இளக்கமான பொருளே.

தமிழ்நாட்டில் இந்தப் பண்டம் இல்லாமையால் யாரும் அழுக்காக இருந்துவிடவில்லை. வண்ணார் கையாண்ட உவர்மண்ணில் இயற்கையான சோடா இருக்கிறது. அந்த உவர்நீரில் தோய்த்த துணியை வெள்ளாவியில் அடுக்கி ஆவியேற்றும்போது, துணியில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியையே அக்காரம் சவுக்காரமாக மாற்றி, அதைக் கொண்டே மற்ற அழுக்கையும் களைந்தது. எண்ணெய் முழுக்குக்குச் சீயக்காயும் அரப்பும் பயற்றமாவும், பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டையும் இருந்தன. இத்தனை நுட்பமான பிரயோகங்களை வைத்துக்கொண்டிருந்த சமூகம் கட்டிச் சவுக்காரத்தைத் தேடாதிருந்ததில் வியப்பில்லை.

கொப்பரையினின்று சவுக்காரத்தை விடுவித்தது ஒருவருடைய ஒரு நாள் சாதனை அன்று. 1791-இல் நிக்கோலா லெபிளாங் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடாவைச் செய்யும் வழியைக் கண்டு உரிமை பெற்றார். புரட்சியில் அவருடைய தொழிற்சாலை பறிபோக, மனமுடைந்து 1806-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பது இவ்வரலாற்றில் நெஞ்சை வருத்தும் செய்தி. எண்ணெய் என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் கூடிய பொருள் என்பதையும், காரம் அவ்வமிலங்களைப் பற்றிக்கொள்ளும்போது கிளிசரின் விடுபடுகிறது என்பதையும் செவ்ரேல் என்ற ரசாயன அறிஞர் தம் 1823-ஆம் ஆண்டு நூலில் தெளிவுறுத்தினார்; நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்த அம்மேதை சவுக்காரத்தை ஊகத்தின் ஆட்சியிலிருந்து மீட்டார் என்று சொல்லலாம். ஒவ்வோர் எண்ணெயும் இத்தனை காரத்தைத்தான் ஏற்கும் என்று அளந்து சொல்லும் எண்ணைக் கோட்ஸ்டார்ஃபர் 1879-இல் ஏற்படுத்தினார். 1890-களில் காஸ்ட்னரும் கெல்னரும் உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தி மிகத் தூய காஸ்டிக் சோடாவைப் பெறும் முறையை வகுத்தார்கள். காரம் தூயதாகவும் எண் திட்டமாகவும் அமைந்த பிறகு, மிகையாக வார்த்துப் பின் பிரித்தெடுக்கும் வேலைக்கே அவசியம் இல்லாமற்போயிற்று.

ஆனால் காரமும் கணக்கும் கைவந்தும், எல்லா எண்ணெயும் இம்முறைக்கு எளிதில் இசையவில்லை. மாட்டுக் கொழுப்பை உருக்கியே வைத்திருக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் இறுக மிகத் தாமதிக்கும். தேங்காயெண்ணெயோ ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடுவது. அதில் பாதியளவு லாரிக் அமிலம் என்னும் குறுகிய அமைப்புடைய அமிலமாக இருப்பதால், வீரியமான காரநீரை இளஞ்சூட்டில் வார்த்துத் துடுப்பால் கிளறிய சிறிது நேரத்திலேயே கலவை பாகுபோலத் திரண்டு, தன் உஷ்ணத்தினாலேயே முற்றிலும் மாறி, மறுநாள் கம்பியால் அறுக்கத்தக்க வெண்கட்டியாகிவிடும். அதன் நுரை தாராளமானது. மற்றச் சவுக்காரங்கள் தோற்றுப்போகும் உப்புநீரிலும் அது நுரைப்பதனால், கடலோடிகளுக்கு வேண்டிய கப்பற் சவுக்காரம் அதிலிருந்தே செய்யப்பட்டது. 1830-இல் லண்டனில் தொடங்கிய பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனி இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கும் அளவுக்கு இங்கிலாந்தில் இவ்வெண்ணெய்க்குத் தேவை மிகுந்தது. மலையாளக் கரையிலிருந்து சென்ற வெள்ளை எண்ணெய், கொச்சி எண்ணெய் என்ற பெயராலேயே ஐரோப்பியச் சந்தையில் உயர்ந்த ரகமாக மதிக்கப்பட்டது.

இம்முறையின் வேறொரு விசேஷம் கிளிசரினைப் பற்றியது. கொதிமுறையில் உப்பிட்டுத் திரிக்கும்போது கிளிசரின் அடிநீரோடு போய்விடும். முதலில் அதைச் சாக்கடையில் விட்டவர்கள், 1867-இல் ஆல்பிரட் நோபெல் கிளிசரினிலிருந்து டைனமைட் செய்யும் உரிமையைப் பெற்ற பின், அதையே பொக்கிஷமாகச் சேகரிக்கலானார்கள். பெரிய ஆலைகளின் ஆதாயத்தில் ஒரு பகுதி வெடிமருந்துக்கு விற்ற கிளிசரினால் வந்தது. அடுப்பேறாத சவுக்காரத்திலோ, எண்ணெயின் எடையில் பத்தில் ஒரு பங்கேனும் வரும் அந்தக் கிளிசரின் முழுவதும் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தோலுக்கு இதமான அப்பொருளைப் பிரித்து விற்கச் சிறு தொழிலாளிக்கு யந்திரம் இல்லாததே, வாங்குகிறவர்க்கு நன்மையாக முடிந்தது.

இந்தியாவின் துறைமுகங்களில் 1888 முதல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு வந்திறங்கத் தொடங்கியது. 1897-இல் மீரத் நகரில் தொடங்கிய நார்த் வெஸ்ட் சோப் கம்பெனி, கொதிக்காத முறையிலேயே சோப்புச் செய்து விற்றது. 1905-இல் எழுந்த சுதேசி இயக்கத்தில், கதருக்கு இராட்டினம் போலச் சோப்புக்கு இம்முறை வாய்த்தது என்பது என் அபிப்பிராயம்: நீராவிக் கொதிகலம் வேண்டாம், பெருமுதல் வேண்டாம், ஓர் இரும்புத் தொட்டி, ஒரு துடுப்பு, ஒரு தராசு, மரச்சட்டம், அறுக்கக் கம்பி இருந்தால் ஒரு குடும்பமே தொழில் நடத்தலாம். மேலும் சீமைச் சோப்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும் என்று அஞ்சி விலக்கியவர்களுக்கு, தேங்காயெண்ணெய் ஒன்றாலேயே ஆன சோப்பு மனச்சாட்சிக்கு உகந்ததாயிற்று. கொச்சி ராஜ்யத்தில் ஓ.கே. ஆலை என்ற எண்ணெய் ஆலை இம்முறையில் சலவைச் சோப்புச் செய்து உள்ளூரில் விற்று வந்தது. அதனை வாங்கித்தான் டாட்டாக்கள் 1917-ஐ ஒட்டித் தங்கள் எண்ணெய் ஆலைக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னை அரசாங்கமும் 1914-இல் கோழிக்கோட்டில் ஒரு சோப்புத் தொழிற்கூடத்தை ஏற்படுத்தியது. கேரள சோப்பு இன்ஸ்டிடியூட் என்று பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம், அன்றைய சென்னை மாகாணத்தில் இத்தொழிலைச் சாஸ்திரீயமாக வளர்த்ததற்காக நன்றியோடு நினைக்கத்தக்கது.

எண்ணெய் நம்முடையதாயினும் காரம் நம்முடையதாக இல்லை. காஸ்டிக் சோடா இரும்புப் பீப்பாய்களில் சீமையிலிருந்தே வந்தது. முதல் உலகப் போரில் கப்பல்கள் தடைப்பட்டபோது, அதை நம்பியிருந்த சிறு தொழிலாளர்கள் தவித்தார்கள். காவிரியை மறித்த மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டு, அதன் மின்சாரத்தை நம்பி 1936-இல் மேட்டூர் ரசாயனக் கம்பெனி ஏற்பட்ட பிறகே, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வழி பிறந்தது.

அதற்குள் இம்முறைக்கு வேறொரு கேடு வந்திருந்தது. தேங்காயெண்ணெய்ச் சோப்பு எத்தனை தண்ணீரையும் உப்பையும் சிலிக்கேட்டையும் ஏற்றாலும் கட்டியாகவே நிற்கும் இயல்புடையது. அந்த நற்குணத்தையே பேராசைக்காரர்கள் கலப்படத்துக்குப் பயன்படுத்தினார்கள். புதிதாக வெட்டியபோது கனத்திருந்த கட்டி, ஒரு மாதத்தில் சுருங்கி உப்புப் பூத்தது. காரத்தை நிறுக்காமல் கைமதிப்பாகப் போட்டவர்களின் சோப்போ தோலை எரித்தது, அல்லது எண்ணெய் மிஞ்சிச் சிக்கு நாற்றமெடுத்தது. ஆலைச் சோப்பு இவற்றை வென்றதற்கு விளம்பரம் மட்டும் காரணமன்று. அது எப்பொழுதும் ஒரே தரத்தில் இருந்தது.

இக்காலத்தில் வீட்டில் சோப்புச் செய்யும் பெண்கள் இந்தக் குறைகளை அறிந்து விலக்கியிருப்பதைக் காண்கையில் உவகை உண்டாகிறது. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம், நல்லெண்ணெய்க்கு 134, விளக்கெண்ணெய்க்கு 128 என்று காஸ்டிக் சோடாவை அவர்கள் நுண்தராசில் நிறுக்கிறார்கள். அதிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துப்போட்டு, சிறிதளவு எண்ணெய் மாறாமல் தங்கும்படி விடுகிறார்கள். தேங்காயெண்ணெய் மட்டுமே சேர்ந்தால் தோல் வறளும் என்பதற்காக மற்ற எண்ணெய்களைக் கலக்கிறார்கள். அறுத்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் வரை காற்றாட அடுக்கி, நீர் வற்றிக் கெட்டிப்பட்ட பின்னரே பிறர் கையில் கொடுக்கிறார்கள்.