சுவருக்குள் ஓர் இரும்புக் கச்சை

1935 மே 31. பலுச்சிஸ்தானின் குவெட்டா நகரம் துயின்று கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணியளவில் பூமி நடுங்கிற்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது நிலமன்று, தம் வீட்டுச் சுவர்களே.

ஊரே மண்மேடாகிய அந்த விடியலில், இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் சில மட்டும் நிலைத்து நின்றன. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1931-இல் அருகிலுள்ள மச் பகுதி நில நடுக்கத்துக்கு இரையானது. அதன்பின் எழுப்பப்பட்ட அக்குடியிருப்புகளை வடிவமைத்தவர் எஸ். எல். குமார் என்னும் இளம் இரயில்வே பொறியாளர். கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு விசையாகத் தாக்கினும் தாங்கவேண்டும் எனக் கணக்கிட்டு, செங்கற் சுவருக்குத் துணையாக இரும்புத் தண்டவாளங்களைச் சேர்த்தார். 1933-இல் தம் கோட்பாட்டைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஈராண்டுகளில் இயற்கையே அதனைச் சோதித்துப் பார்த்தது!

செங்கல், மேலிருந்து அழுத்தும் பாரத்தைச் சலிக்காமல் தாங்கும். இழுவிசையை மட்டும் தாங்காது. பக்கவாட்டில் தள்ளினால் சுவரின் ஒரு முகம் இழுபட்டு விரிசலிடும், மூலைகள் பிரியும், கூரை இறங்கும். புயற்காற்றும் அவ்வாறே தள்ளுகிறது என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றை எதிர்க்கக் கனம் உதவும். நில நடுக்கத்திலோ கனம் கூடக்கூட விசையும் கூடும். 'கோட்டை போன்ற சுவர்' என்று நாம் பெருமை பேசுவது பாதி உண்மையே.

குவெட்டாவை மீண்டும் கட்டியபோது, ஒன்றரைக் கல் கனமுள்ள சுவரில் செங்கற்களுக்கிடையே சிறு குழிகள் விட்டு, கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திச் சாந்து நிரப்பும் முறை பரவிற்று. 'குவெட்டாக் கட்டு' என்று அதற்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. பின்னர் 1967-இல் இந்தியத் தர நிர்ணயம், கதவு சன்னல்களின் மேல்மட்டத்தில் சுவர்கள் அனைத்தையும் சுற்றி ஓடும் கம்பியிட்ட கச்சையையும், மூலைகளில் செங்குத்துக் கம்பியையும் விதித்தது. செலவு மிகுந்த வித்தையன்று. ஒரு கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் போதும்.

ஆயினும் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில், மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் உறங்கியோர்மேல் சரிந்தன. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் மடிந்தனர். அன்றைய வரைபடம் அவ்வூரை மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில் வைத்திருந்தது. அங்கே கச்சை கட்டச் சொல்வார் எவருமில்லை.