குளுத்தி கேட்கும் வாசகர்

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடியை அடுத்த எருவில், செட்டிபாளையம் ஆகிய ஊர்களில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், சடங்கு முடியும்வரை கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரை ஒலிக்கும். கோவலன் மாதவியிடம் போவதும் பொருளெல்லாம் தொலைவதும் மதுரையில் கொலையுண்பதும் அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஆனாலும் கொலைக்களக் காதை பாடும்போது கூட்டத்தில் கண் கலங்காதவர் குறைவு. பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையைச் சிலப்பதிகாரத்தோடு வைத்துப் பார்த்தால், ஈழத்து மரபு எதை விட்டது, எதைச் சேர்த்தது என்பது தெரியும். வஞ்சிக் காண்டத்தின் சேரன் செங்குட்டுவனும் இமயத்துக் கல்லும் இங்கே முதன்மை பெறவில்லை. அந்த இடத்தில் குளிர்ச்சிக் காதை நிற்கிறது. மதுரையை எரித்த சினத்தோடு அம்மனை விட்டுவிட இந்த ஊர்கள் சம்மதிக்கவில்லை. அவள் மனம் குளிர வேண்டும், மழை பெய்ய வேண்டும், அம்மையும் கொப்புளிப்பானும் ஊரைவிட்டுப் போக வேண்டும். அம்மனைக் குளிரவைக்கும் குளுத்தி இல்லாமல் சடங்கு நிறைவதில்லை. கேட்பவர்களின் தேவைதான் கதையின் முடிவை எழுதியது என்று இதிலிருந்து நான் கொள்கிறேன்.

இது பக்தி, இலக்கிய ரசனை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் கொம்புமுறியை என்ன சொல்வது? ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம் நின்று, கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும். ஒருவர் எந்தச் சேரி என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானித்தது. கதாபாத்திரத்துக்காகக் கட்சி கட்டுவதும் வென்ற பக்கம் தோற்றவரை வசைபாடுவதும் பின்னர் சமாதானமாவதும் வழிபாட்டுக்குள் நடந்தாலும், கதையைப் பற்றிய விவாதமே அது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வழிவந்த சைவம் கண்ணகியைச் சமணச் செட்டிப் பெண் என்று ஒதுக்கியது. பல கோயில்கள் இராஜராஜேஸ்வரிக்கும் புவனேஸ்வரிக்கும் மாறின. கிழக்கில் அந்தக் கண்டனம் அவ்வளவாக எடுபடவில்லை. கதையைத் தம்முடையதாக்கிக்கொண்ட கேட்போரிடமிருந்து அதை அறிஞர் ஒருவரின் தீர்ப்பால் பறிக்க முடியாமற் போனது.

கதைக்காகக் கட்சி கட்டும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்தே வி.வி. கணேசானந்தனின் ஆங்கில நாவலான 'பிரதர்லெஸ் நைட்' பற்றித் தமிழர் பேசுவதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்துக் கற்பிக்கும் அவர் நீண்ட காலம் உழைத்து எழுதி 2023இல் வெளியிட்ட நாவல் அது. 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசும் பெற்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் சசி என்ற பெண் அதில் கதை சொல்கிறாள். வாசகரை நேரே விளித்தும் பேசுகிறாள். 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் ராஜினி திராணகமவின் சாயலில் ஒரு பேராசிரியையும் வருகிறார். பரிசுக் குழுக்கள் கலையைப் பாராட்டின. ஈழத்து வாசகர் எடுத்தவுடன் கேட்பது வேறு: இது நடந்ததா, நீ எந்தப் பக்கம்? இலக்கியம் அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. நாவல் சாட்சிமனு அல்ல என்பார்கள். வாதம் சரிதான். ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த, காணாமற்போனோர் பட்டியல்கூட முழுமையாக இல்லாத சமூகத்தில் புனைவின் தோளில் ஆவணத்தின் சுமையும் ஏறிவிடுகிறது. அதை அறியாமை என்று தள்ளுவது அந்தச் சமூகத்தின் இழப்பையே அறியாமைதான்.

கணேசானந்தன் பயின்ற அயோவா எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, சக மாணவர்கள் அவர் கதையை அலசுவது அந்த வகைப் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். வாசகருக்கு முதல் உரிமை தரும் முறை என்பதால் அதில் நியாயம் உண்டு. எனினும் அங்கே பேசுகிறவருக்கு அந்தக் கதையில் இழப்பதற்கு எதுவும் இல்லை. எருவில் கோயில் முற்றத்தில் இருப்பவருக்கு மழையும் பிள்ளையின் உடம்பும் அதில் அடங்கியிருக்கின்றன. ஈழத்து நாவலின் வாசகர் இந்த இரண்டாம் வகையினர். அவர் கேள்வி கடுமையாக இருப்பதற்குக் காரணம் அது.

அதனால் எழுத்தாளர் கேட்போர் விரும்பியதையே எழுத வேண்டும் என்றாகாது. வழக்குரை கோவலனின் குற்றத்தை மறைக்கவில்லை. பாண்டியனின் அநீதியையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் பாடிய பிறகே குளிர்ச்சி வருகிறது. புலிகள் இயக்கத்தின் கொலைகளையும் அரசின் கொலைகளையும் இந்திய இராணுவத்தின் கொடுமைகளையும் ஒரே நாவலில் வைத்த கணேசானந்தன் அந்த ஒழுங்கை மீறவில்லை. கிழக்கின் வாசகருக்கு இன்னொரு கோரிக்கை மிஞ்சுகிறது. அந்த நாவலின் மையம் யாழ்ப்பாணம். 1990 ஜூலையில் களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுசென்றதும் அதன் களத்துக்கு வெளியே நடந்தவை. தமிழர் செய்ததையும் தமிழருக்குச் செய்யப்பட்டதையும் ஒன்றாகப் பாடும் நாவல் ஒன்றை இந்தக் கரையின் வாசகர்கள் தமிழிலேயே கேட்கலாம். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு வைகாசிச் சடங்கிலேயே கிடைத்துவிட்டது.