இன்கா நடைவழியும் சுமையின் கணக்கும்

பெரு நாட்டின் மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் மலைவழியே நடந்து செல்லத் திட்டமிடுவோர் முடிவு செய்ய வேண்டியவை அதிகமில்லை என்றே முதலில் தோன்றும். எந்த மாதம் செல்வது, எந்த நிறுவனத்தின் வழியாகச் செல்வது, எவ்வளவு சுமை கொண்டுபோவது, அதற்குமுன் குஸ்கோ நகரில் எத்தனை நாள் தங்குவது. பிப்ரவரியில் பாதை பராமரிப்புக்காக மூடப்படும். உரிமம் பெற்ற நிறுவனமும் வழிகாட்டியும் இன்றி எவரும் உள்ளே நுழைய இயலாது. அனுமதிச்சீட்டில் பயணியின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இடம்பெறும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 பேருக்கு மட்டுமே அனுமதி உண்டு.

இந்த 500 என்னும் எண்ணைப் பிரித்துப் பார்ப்பவர் சிலரே. அதில் பயணிகள் ஏறத்தாழ 200 பேர்தாம். மீதமுள்ள 300 பேர் வழிகாட்டிகள், சமையற்காரர்கள், எல்லோரையும்விட மிகுதியாகச் சுமைதூக்கிகள். ஒருவர் நடப்பதற்கு ஒருவருக்கு மேற்பட்டோர் உடன் நடக்க வேண்டியிருக்கிறது. மாச்சு பிச்சுவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கல்லைப் பற்றியது: கட்டடக்கலை, வானியல், 'தொலைந்த நகரம்' என்னும் கதை. அந்தக் கல்லை நோக்கிச் செல்லும் வழியில் சுமை யார் முதுகில் இருந்தது என்ற கேள்விக்கு ஆவணங்கள் தரும் விடை, ஐந்து நூற்றாண்டுகளாகத் தொடரும் தனி வரலாறு.

முதலில் பாதை. இன்று 'இன்கா நடைவழி' என விற்கப்படும் 43 கிலோமீட்டர் தடம் பிஸ்ககூச்சோ என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அவ்விடத்தை எல்லோரும் '82ஆம் கிலோமீட்டர்' என்றே அழைக்கின்றனர். அந்த எண் இன்காக்கள் இட்டதன்று. குஸ்கோவிலிருந்து கணக்கிடப்பட்ட இருப்புப்பாதையின் மைல்கல் எண். பழம்பெரும் அரசின் சாலை என்று அறியப்படும் வழியின் வாயிலுக்கே இருபதாம் நூற்றாண்டு ரயில்தான் பெயர் சூட்டியிருக்கிறது. அங்கிருந்து, இரண்டாம் நாள், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள வார்மிவன்யுஸ்கா கணவாயைக் கடக்க வேண்டும். பிறகு இரண்டு கணவாய்கள், மேகக்காடு, நெடும் படிக்கட்டு இறக்கம். நான்காம் நாள் விடியலில் இந்தி புங்கு எனப்படும் சூரியவாயில். மாச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. குஸ்கோவோ 3,400 மீட்டர். எனவே உயரநோய் பயணியைத் தாக்குவது பெரும்பாலும் குஸ்கோவில் வந்திறங்கிய நாளிலும் இரண்டாம் நாள் கணவாயிலும்தான். ஆந்தீஸில் இந்நோயை உரைநடையில் விரித்து எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் இயேசு சபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா. பரியகாகா மலையைக் கடந்தபோது தமக்கு நேர்ந்த குமட்டலையும் தளர்ச்சியையும் 1590இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்து, அதற்குக் காரணம் அங்குள்ள காற்றின் மென்மையே என்று அவர் சரியாக ஊகித்தார்.

இத்தடத்தின் பெரும்பகுதியில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் இடமில்லை. குளம்புகள் பழைய கற்படிகளைச் சிதைக்கும் என்பதே காரணம், நியாயமான காரணமும்கூட. சக்கர வண்டியோ பாரம் இழுக்கும் விலங்கோ அறியாத சமூகம், மனிதக் காலுக்கும் லாமாவின் மென்பாதத்துக்கும் ஏற்ப அமைத்த படிகள் அவை. 1533இல் குஸ்கோ நோக்கி முன்னேறிய ஸ்பானியர், இத்தகைய படிச்சாலைகளில் தம் குதிரைகள் பட்ட பாட்டை எழுதிவைத்துள்ளனர். ஆனால் பாதுகாப்பின் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லைக் காப்பதற்காக விலங்கின் முதுகிலிருந்து இறக்கப்பட்ட கூடாரமும் அடுப்பும் எரிவாயு உருளையும் மனித முதுகுக்கு மாறின. மரபுச் சின்னம் பற்றிய உரையாடல்களில் இவ்விளைவு அரிதாகவே பேசப்படுகிறது.

இன்கா காலத்தில் நிலைமை என்ன? இன்றைய கொலம்பியாவின் தெற்கு முதல் சிலி, அர்ஜெண்டினா வரை ஆறு நாடுகளில் விரியும் கப்பக் ஞான் என்னும் சாலைப் பின்னலின் நீளம் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதைக் கட்டியதும் பேணியதும் மிட்டா என்னும் முறைவைத்த உழைப்புக் கடமை. ஒவ்வொரு பகுதியும் தன் எல்லைக்குட்பட்ட சாலைக்கும் பாலத்துக்கும் பொறுப்பு. வழியெங்கும் தம்போ எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. தம்போவைத் தமிழில் சத்திரம் என்று பெயர்த்தால் பொருள் பிறழும். சத்திரத்தில் அறக்கொடை உண்டு; வழிப்போக்கர் எவரும் அங்கே உறங்கலாம். தம்போ அரசின் பணியில் செல்வோருக்கானது: படைக்கும், அதிகாரிக்கும், சாஸ்கி என்னும் அஞ்சல் ஓட்டக்காரருக்கும். ஹுவானுக்கோ பம்பாவில் கிரேக் மோரிஸும் டொனால்ட் தாம்ப்சனும் ஆய்ந்த ஏறத்தாழ 500 சேமிப்புக் கிடங்குகள், இத்தகைய ஒரு நிர்வாக மையம் எத்துணை உணவையும் பொருளையும் முன்கூட்டியே திரட்டி வைத்தது என்பதைக் காட்டுகின்றன. சாதாரண மக்கள் அனுமதியின்றி இச்சாலைகளில் விருப்பம்போல் திரிய முடியாது என்று ஸ்பானிய எழுத்தாளர்கள் குறிப்பிடுகின்றனர். இன்றைய அனுமதிச்சீட்டை இதனோடு ஒப்பிட்டுப் புன்னகைப்பது எளிது. ஆனால் அந்த அனுமதி அரசின் உழைப்புக் கணக்கிலிருந்து எவரும் நழுவாமல் இருப்பதற்கானது. இந்த அனுமதி பாதை தேயாமல் இருப்பதற்கானது.

சுமப்பதும் அக்கணக்கில் தனியே குறிக்கப்பட்ட கடமைதான். மன்னரின் பல்லக்கைத் தூக்குவது ருக்கானா மக்களுக்குரிய பணியாக இருந்தது. எந்த இனக்குழு எதைச் செய்ய வேண்டும் என்பது கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில் பதிவானது.

மாச்சு பிச்சு இந்த அமைப்பில் தலைநகரமோ கோட்டையோ அன்று. அது பச்சாகூட்டி மன்னரின் தனிப்பண்ணை என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கின்றனர். இம்முடிவுக்கு வழிசெய்தவை மலையுச்சியில் தோண்டிய பொருள்கள் மட்டுமல்ல. 'பிச்சு' நிலங்களைக் குறிப்பிடும் 1568ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றும் முக்கியப் பங்காற்றியது. லூயிஸ் மிகேல் கிளாவே, மரியா இசபெல் ரெமி ஆகியோர் அதை வெளிக்கொணர, அதன் பொருளை ஜான் ரோ விளக்கினார். அரசகுடும்பம் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே அங்கு வந்து தங்கியிருக்கும். நிரந்தரமாக இருந்தவர்கள் பணியாளர்கள். அங்குப் புதைக்கப்பட்ட 34 பேரின் மரபணுக்களை ஆய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, அவர்கள் பேரரசின் பல திசைகளிலிருந்தும், அமேசான் பகுதியிலிருந்தும்கூட, கொண்டுவரப்பட்டவர்கள் என்று காட்டியது. அவர்களை 'சூரியனின் கன்னியர்' என்று கற்பித்த பழைய கதை அதற்கு முன்பே சரிந்துவிட்டது. எலும்புகளை மறு ஆய்வு செய்த ஜான் வெரானோ, ஆண்களும் பெண்களும் பேரளவு வேறுபாடின்றி இருந்தனர் என்று நிறுவியிருந்தார். இன்று சூரியவாயில் வழியே இறங்கும் பயணிக்குக் கண்முன் விரிவது ஓர் அரசனின் ஓய்விடம் மட்டுமன்று. தொலைநிலங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் இடுகாடும் அங்கேதான் உள்ளது.

ஸ்பானியர் வந்தபின் சுமையின் கணக்கு மேலும் கொடியதாயிற்று. இதற்குக் கிடைக்கும் சான்றுகளில் ஈடற்றது ஹவுஹா பள்ளத்தாக்கின் ஹுவாங்கா மக்களுடையது. இன்காக்களின் ஆட்சியை வெறுத்த அவர்கள் பிசாரோவுக்குத் துணைநின்றனர். உணவும் துணியும் லாமாக்களும் ஆட்களும் கொடுத்தனர். கொடுத்த ஒவ்வொன்றையும் 1533 முதல் கிப்புவில் முடிந்து வைத்தனர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு, தங்கள் உதவிக்குக் கைம்மாறு கோரி, லிமாவின் உயர்நீதிமன்றத்தில் அந்த முடிச்சுகளைப் படித்துக் காட்டினர். எழுத்தர் அவற்றை ஸ்பானியத்தில் பதிவு செய்தார். வால்தெமார் எஸ்பினோசா சோரியானோ பதிப்பித்து, ஜான் முர்ரா ஆராய்ந்த அப்பட்டியலில் சோளம், போர்வை, செருப்பு ஆகியவற்றோடு சுமைதூக்கிகளும் வருகின்றனர். எத்தனை பேர் அனுப்பப்பட்டனர் என்பதோடு எத்தனை பேர் திரும்பவில்லை என்பதும் அதில் உண்டு. வெற்றியாளர்களின் வரலாற்று நூல்கள் சுமந்தவரை அரிதாகவே எண்ணின. முடிச்சுக் கயிறு அவர்களையும் எண்ணி வைத்திருந்தது.

சுமைக்கு வரம்பு விதிக்கும் முயற்சியும் புதியதன்று. ஆளுநர் வாக்கா தெ காஸ்த்ரோ 1543இல் குஸ்கோவில் பிறப்பித்த தம்போ ஆணைகள், சிதைந்துகொண்டிருந்த வழித்தங்கல்களை மீண்டும் நிறுவவும், எந்த ஊர் எந்தத் தம்போவுக்குப் பணி செய்ய வேண்டும் என்று வரையறுக்கவும், உள்ளூர் மக்கள்மீது ஏற்றும் பாரத்தைக் கட்டுப்படுத்தவும் முனைந்தன. அறக்கருணை அதில் ஓரளவு இருக்கலாம். சாலையோரக் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன என்பதும் சுமக்க ஆள் இல்லாவிட்டால் ஆட்சி நகராது என்பதும் அதைவிட வலுவான காரணங்கள்.

இனி ஹிராம் பிங்காம். 1911 ஜூலை 24 அன்று அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் மெல்சோர் அர்தேயாகா. ஒரு சோல் வெள்ளி நாணயம், அதாவது வழக்கமான நாட்கூலியைப் போல் மூன்று நான்கு மடங்கு, தருவதாகச் சொன்ன பிறகே அவர் இசைந்தார். மேலே உழவர் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்ந்தன. இடிபாடுகளை அவருக்குச் சுற்றிக்காட்டியது ஒரு சிறுவன். சுவரில் லிசாரகா என்னும் பெயரும் 1902 என்ற ஆண்டும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லின் கதை இவ்வளவுதான்; அது பலமுறை பேசப்பட்டுவிட்டது. குறைவாகப் பேசப்படுவது அதே பயணத்தின் மற்றொரு நிகழ்ச்சி. வில்கபம்பா பகுதியில் காட்டுவழியே செல்லச் சுமைதூக்கிகள் கிடைக்கவில்லை. உள்ளூர் அதிகாரி கையாண்ட உத்தியைப் பிங்காமே எழுதியுள்ளார். குடிசைக்குச் சென்று அங்குள்ளவரிடம் நட்பாகக் கைகுலுக்குவார். கையை விடும்போது உள்ளங்கையில் ஒரு வெள்ளி நாணயம் இருக்கும். நாணயத்தைப் பெற்றவர் வேலைக்கு ஒப்பியவராகக் கொள்ளப்படுவார், மறுப்பதற்கில்லை. கூலி என்னும் வடிவத்தில் வந்த கட்டாயம் இது.

இன்றைய நடைவழி துலங்கியதும் இப்படிப்பட்ட பயணங்களால்தான். 1915இல் பிங்காமின் குழு பழஞ்சாலையின் சில பகுதிகளைப் பின்தொடர்ந்தது. 1940–41இல் ஹங்கேரியில் பிறந்த முன்னாள் திரைப்பட இயக்குநர் பால் ஃபெயோஷ் தலைமையிலான குழு பெருந்தொகையான உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு காட்டை வெட்டி வின்யாய் வைனா உள்ளிட்ட இடங்களை வெளிக்கொணர்ந்தது. பிறகு நடைப்பயணிகள் வந்தனர். 1980களின் உள்நாட்டு வன்முறை அவ்வரவைக் குறைத்தது. 1990களில் அது பெருகியது. கட்டுப்பாடில்லாத அந்தப் பத்தாண்டில் பாதையில் குப்பையும் மண்ணரிப்பும் மிகுந்தன என்பது எல்லோரும் அறிந்தது. ஓர் ஆள் தூக்கிய பாரத்துக்கு அளவே இல்லாதிருந்தது என்பதும் அதே பத்தாண்டின் செய்திதான்.

2001 டிசம்பரில் பெரு நாடாளுமன்றத்தின் 27607ஆம் எண் சட்டம் வந்தது. சுமைதூக்கியைச் சட்டம் பெயர்சொல்லி அங்கீகரித்து, ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என்னும் மேல்வரம்பை விதித்தது. சோதனைச்சாவடியில் மூட்டைகள் தராசில் ஏறுகின்றன. மீறல்கள் நின்றுவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. பயணி 'தனக்கென ஒரு சுமைதூக்கி' வேண்டும் என்று கேட்கும்போது, அந்த 20 கிலோவில் சுமைதூக்கியின் சொந்த உடையும் படுக்கையும் அடங்குகின்றனவா என்பது விலைப்பட்டியலைப் படித்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். பயணத் திட்டத்தில் கேட்கப்படவேண்டிய முதல் கேள்வி வானிலையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை.

இன்கா மிட்டாவையும் ஹுவாங்கா பட்டியலையும் இன்றைய கூலியையும் ஒரே நேர்கோட்டில் இழுத்து 'மாறாத ஆந்தீஸ்' என்று முடிப்பது பிழை. மிட்டாவில் உழைத்தவருக்கு அரசு உணவும் சிச்சா மதுவும் தர வேண்டும். அது கொடுக்கல் வாங்கலின் மொழியில் பேசிய ஆதிக்கம். 1533க்குப் பிந்தைய சுமையில் அந்த எதிர்க்கடமை அறுந்தது. இன்றைய சுமைதூக்கிகள் பெரும்பாலும் கெச்சுவா பேசும் உழவர்கள்; விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் பணவருவாய் தேடி வருபவர்கள்; சட்டமும் வாக்குரிமையும் உடைய குடிமக்கள். ஒற்றுமை உழைப்பின் வடிவத்தில் இல்லை. உழைப்பவர் வரலாற்றின் ஓரத்தில் வைக்கப்படும் பழக்கத்தில் இருக்கிறது.

நான்காம் நாள் நிரலை எடுத்துப் பார்த்தால் அது தெரியும். பயணிகள் வின்யாய் வைனா முகாமிலிருந்து இருட்டிலேயே எழுந்து சூரியவாயிலை நோக்கிச் செல்கின்றனர். சுமைதூக்கிகள் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டி, விடியற்காலை உள்ளூர் ரயிலைப் பிடிப்பதற்காக எதிர்ப்பக்கச் சரிவில் ஆற்றங்கரையை நோக்கி ஓட்டமும் நடையுமாக இறங்குகின்றனர். மூன்று நாள் சுமந்த அவர்களின் பயணத்திட்டத்தில் மாச்சு பிச்சு இல்லை.