ஆர்க்காட்டு முற்றுகையும் வடிகஞ்சிக் கதையும் (1751)

1751ஆம் ஆண்டின் ஆர்க்காட்டு முற்றுகையைக் கூறும் நூல்கள் பலவற்றில் ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. கோட்டைக்குள் உணவு அருகியபோது சிப்பாய்கள் இராபர்ட் கிளைவிடம் சென்று, சோற்றை ஐரோப்பியர்க்கு அளித்துவிட்டுத் தமக்கு வடிகஞ்சி மட்டும் தந்தால் போதும் என்று வேண்டினர் என்பதே அது. விசுவாசத்திற்கும் தியாகத்திற்கும் சான்றாக இது மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டுள்ளது. இக்கதை எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, கோட்டையின் தானியக் கணக்கோடு பொருந்துகிறதா, இதன் நிழலில் மறைந்துபோனவர் யாவர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முற்றுகையின் பின்னணி நன்கு அறியப்பட்டதே. திருச்சிராப்பள்ளியில் முகம்மது அலியைச் சூழ்ந்திருந்த சந்தா சாகிபின் படையைப் பிரிப்பதற்காகக் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் சென்னையிலிருந்து ஆர்க்காட்டிற்கு அனுப்பப்பட்டார். கோட்டை எதிர்ப்பின்றி விழுந்தது. சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப் பெரும்படையுடன் வந்து செப்டம்பர் பிற்பகுதியில் கோட்டையை வளைத்தார். நவம்பர் 14 அன்று நிகழ்ந்த இறுதித் தாக்குதல் முறியடிக்கப்பட்டதும் அவர் பின்வாங்கினார்.

ஓர்ம் தரும் கணக்கு

முற்றுகைக்கு மிக அண்மைக் காலத்தில் விரிவாக எழுதியவர் இராபர்ட் ஓர்ம். கிளைவை நேரில் அறிந்தவர். அவரைப் புகழத் தயங்காதவர். அவரது வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. அதில் வடிகஞ்சி நிகழ்ச்சி இல்லை. சிப்பாய்களின் துணிவைப் பாராட்ட வாய்ப்பிருந்தும் ஓர்ம் இதனைக் கூறாமல் விட்டது கருதத்தக்கது. எனினும் ஒருவர் எழுதாமை ஒன்றையே கொண்டு நிகழ்ச்சி நடக்கவில்லை எனத் துணிதல் ஆய்வு நெறியாகாது. அவர் எழுதியவற்றையும் பார்த்தல் வேண்டும்.

கோட்டைக்குள் நுழைந்ததும் முற்றுகையைத் தாங்கத் தேவையான உணவுப்பொருள்களைச் சேர்ப்பதையே கிளைவ் முதல் வேலையாகக் கொண்டார் என்கிறார் ஓர்ம். முற்றுகை தொடங்கியபோது பணிசெய்யத்தக்க நிலையில் இருந்தோர் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். கையிருப்பு இக்காவற்படைக்கு 60 நாட்களுக்குப் போதுமானதாக இருந்தது. முற்றுகையோ ஏறத்தாழ 50 நாட்களே நீடித்தது. மேலும், இறுதித் தாக்குதலின்போது எஞ்சியவர் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களுமே. உண்போர் தொகை குறையக் குறையக் கையிருப்பு நீளும். தானியம் கெட்டிருக்கலாம், பங்கீடு ஒழுங்கற்றிருக்கலாம்; ஆயினும் பட்டினி வாயிலில் நின்றது என்ற சித்திரத்திற்கு இந்த எண்கள் இடந்தரவில்லை.

வெளியேற்றப்பட்டவர்கள்

இக்கையிருப்பு போதுமானதாக்கப்பட்ட முறைதான் கதையில் விடுபட்ட பகுதி. கோட்டைக்குள் 3,000 முதல் 4,000 பேர் வரை குடியிருந்தனர். தங்கள் வீடுகளிலேயே இருக்க அவர்கள் விரும்பிக் கேட்டபோது கிளைவ் முதலில் இசைந்தார். கோட்டையிலிருந்த வணிகர்களின் சரக்குகளும் உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டன. முற்றுகை நெருக்கியதும் நிலை மாறியது. கைவினைஞர் சிலரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெளியே அனுப்பப்பட்டனர். உணவுக் கையிருப்பே அதற்குக் காரணம் என்று ஓர்ம் வெளிப்படையாகவே எழுதுகிறார்.

எளிய கணக்கொன்று இதனை விளக்கும். 320 பேர் 60 நாட்கள் உண்ணும் தானியத்தை 3,000 குடிமக்களோடு பகிர்ந்திருந்தால் அது ஆறு நாட்களைக் கூடத் தாண்டியிராது. அறுபது நாள் என்ற எண்ணே குடிமக்களைக் கழித்துப் பெறப்பட்டது.

தங்கவைக்கப்பட்ட சிலருள் ஒரு கொத்தனார் இருந்தார். கோட்டையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். நிலத்தடியில் ஒரு நீர்க்கால் இருப்பதையும், அதனை எதிரிகள் கண்டறிந்தால் கோட்டையின் ஒரே நீர்த்தேக்கத்தை வடித்துவிட முடியும் என்பதையும் அவரே எடுத்துக்கூறினார். சுவருக்கு உட்பட்ட பகுதியில் அக்காலை அடைத்தவரும் அவரே. சோறாயினும் கஞ்சியாயினும் நீரின்றிப் பொங்காது. அவருடைய பெயரை ஓர்ம் பதிவுசெய்யவில்லை. வடிகஞ்சிக் கதைக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கும் இவருக்குக் கிடைக்கவில்லை.

கதை வளர்ந்த விதம்

இக்கதை அச்சில் பரவியது ஜான் மால்கமின் (1769–1833) வழியாக. இளம் வயதிலேயே சென்னைப் படையில் சேர்ந்தவர் அவர். அவர் எழுதிய கிளைவ் வாழ்க்கை வரலாறு அவரது மறைவுக்குப் பின் 1836இல் வெளிவந்தது. அதனை மதிப்புரைத்து மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையே இந்நிகழ்ச்சிக்கு இலக்கிய வாழ்வு தந்தது. சீசரின் பத்தாம் படையணியும் நெப்போலியனின் பழங்காவலரும் இச்சிப்பாய்களை விஞ்சவில்லை என்று புகழ்ந்த அதே இடத்தில், ஆசியரைவிட ஐரோப்பியர்க்கு ஊட்டம் மிகுதியாக வேண்டும் என்ற கருத்தையும் அவர் சிப்பாய்களின் வாயிலாகவே பேசவைக்கிறார். ஆர்க்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்திருந்தனர். அதன் பின்னர் எழுதிய படை அதிகாரி ஒருவருக்கு, தன் சோற்றை விட்டுக்கொடுக்கும் சிப்பாயின் உருவம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது ஊகிக்கக் கூடியதே.

மெக்காலே மெல்லிய கூழ் என்று குறிப்பது அரிசி வெந்தபின் வடித்தெடுத்த நீர். தமிழில் கஞ்சி வேறு, வடிகஞ்சி வேறு; முன்னதில் பருக்கை உண்டு. வடிகஞ்சியில் அரிசியின் நீரில் கரையும் சத்துகள் ஓரளவு இறங்கும் என்றாலும், அதை மட்டும் குடித்து மதிலில் இரவுபகல் காவல் நிற்கும் வலிமை வாராது. ஒருசில நாட்கள் அவ்வாறு நடந்திருக்கலாம். அந்நினைவு சென்னைப் படையினரிடையே வாய்மொழியாக வாழ்ந்து மால்கமின் செவிக்கு எட்டியிருக்கலாம். முற்றுகை முழுவதற்கும் அதனை விரிப்பதே பொருந்தாதது. பிற்காலத்தில் ஆங்கிலப் படையில் ‘கஞ்சி வீடு’ என்ற சொல் சிறைக்கொட்டடியைக் குறித்ததையும் இங்கு நினைக்கலாம். பாசறையில் கஞ்சி தண்டனை பெற்றவரின் உணவாக இருந்தது.

வெளியேற்றப்பட்டவர்களை ரஸா சாகிபின் காவலர் துன்புறுத்தாமல் போகவிட்டனர் என்பதோடு ஓர்ம் அவர்களை விட்டுவிடுகிறார். முற்றுகையின் பெரும்பகுதி ஐப்பசி மழைக்காலம். சம்பா அறுவடைக்குத் தை மாதம்வரை காத்திருக்க வேண்டும்.