சானடோரியம் ஸ்டேஷனும் நோயாளியின் சோர்வும்



தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷனின் பெயர் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவ நிலையத்தால் வந்த பெயர் அது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917-இல் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றார். தாம்பரம் நிலையத்தை 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது.

அன்று காசநோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். புண் இருந்தது நுரையீரலில். ஆனால் பசி போனது, மாலையில் காய்ச்சல் வந்தது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. "மனசு விட்டுட்டான்" என்றார்கள் பார்த்தவர்கள்.

காரணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இவை தகவல் சொல்லும் புரதங்கள். உடலை இளைக்க வைப்பதிலும் டி.என்.எஃப்.புக்குப் பங்கு உண்டு. 'எலும்புருக்கி' என்று நம் முன்னோர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்தத் தகவல் ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. மூளை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அங்குள்ள மைக்ரோகிளியா செல்கள் தாங்களே சைட்டோகைன்களை உண்டாக்குகின்றன. 1990-களில் எலிகளின் வயிற்றில் கிருமியின் நச்சுப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். மூளைக்குள்ளும் இன்டர்லூக்கின்-1 உற்பத்தி தொடங்கியது. வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அது குறைந்தது. ஆக, அந்தச் சோர்வு சோம்பல் அல்ல. போராட்டத்துக்குச் சக்தியைச் சேமிக்க மூளை போடும் உத்தரவு.

அதற்காக ஓய்வே நோயைத் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959-இல் வெளியிட்ட முடிவை உலகமே கவனித்தது. ஏழை வீட்டில் இருந்தபடி ஒழுங்காக மருந்து எடுத்தவர்களும், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். நோயைத் தீர்த்தது மருந்துதான்.

உங்கள் வீட்டில் நோய்ப்பட்டவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் கோபிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். மாத்திரையைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள்.