சொந்த ஊர்: சேலம் ஜில்லா

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல இருந்த, 1948 சட்டத்தால நாடற்றவங்களா ஆன 9,75,000 தமிழர்களைப் பங்கு பிரிச்சாங்க. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க. 1974-ல அதையும் சரிபாதியாப் பிரிச்சாங்க.

அந்த 5,25,000-ல எங்க அம்மாவும் ஒருத்தங்க. அப்போ ஹட்டன் பக்கம் ஒரு லயத்துல கைக்குழந்தை. அவங்க பாட்டன் கங்காணி பின்னாடி கிளம்பிப் போன ஊரை வெச்சு, 'சொந்த ஊர்: சேலம் ஜில்லா'ன்னு காகிதத்துல எழுதிட்டாங்க. 1965-லேயே தர்மபுரி தனி மாவட்டம் ஆயிடுச்சு. பழைய டேட்டாவை நம்பி மைக்ரேஷன் பண்ணா இப்படித்தான் ஆகும்!

அரசாங்கம் இதைத் 'தாயகம் திரும்புதல்'னு சொல்லுச்சு. போனதே இல்லாத ஊருக்கு ஒன்பது வயசுப் பிள்ளை எப்படித் திரும்பும்?

மலையகத்துல ரயிலுக்குக் கோச்சின்னு பேரு. இவங்களைத் தலைமன்னாருக்குக் கூட்டிட்டுப் போன ரயிலை 'அழுகைக் கோச்சி'ன்னே சொன்னாங்க. ஒரே லயத்துல அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கைன்னு ஆயிருக்கும். பிளாட்பாரத்துல பிடிச்ச கையை விட மாட்டாங்களாம். அப்புறம் 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். இது எனக்கு ரொம்ப உறுத்துற இடம். வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்குப் போற கூலிகளைத் தடுத்து வெச்சுச் சோதிச்சு அனுப்பினதும் அதே மண்டபத்துலதான்.

மறுவாழ்வுக் கடன், ரெப்கோ வங்கி, நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டம்னு திட்டங்கள் இருந்துச்சு. எங்க தாத்தாவுக்குக் கிடைச்சது தர்மபுரியில கூலி வேலை. தேத்தண்ணி, கோதுமை மா ரொட்டி, சம்பல்னு வாயைத் திறந்தாலே பள்ளிக்கூடத்துல 'சிலோன்காரி'ன்னு சிரிப்பாங்களாம். அம்மா ஒவ்வொரு வார்த்தையா விட்டாங்க. களி கிண்டக் கத்துக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஹட்டன் பேரையே எடுக்கல.

அவங்க விட்டதை வேற நாட்டுக் கலாச்சாரம்னும் சொல்ல முடியல. மாசி மாசம் தோட்டத்துல காமன் கூத்து நடக்கும். மன்மதன் எரிஞ்சதும் ரதி அழுவா. அந்தக் கூத்தைக் கப்பல்ல கொண்டு போனதே இங்கிருந்து போனவங்கதான். தமிழ்நாட்டுக்குள்ளயே, தமிழர்கள் நடுவுலயே, அதை மறைக்க வேண்டியிருந்துச்சு.

இந்த எபிசோடுக்காகக் கேட்டப்போ ரதி ஒப்பாரியை ரெண்டு நிமிஷம் பாடினாங்க. ரெக்கார்ட் பண்ண விடல.